எனக்குச் சொந்தமில்லாத செய்தி

டிம் வேக்ஃபீல்டுக்கு மூளைப் புற்றுநோய் என்ற செய்தி 2023 செப்டம்பர் 28 அன்று வெளியே வந்தது. அதை அவர் சொல்லவில்லை. அவர் வீட்டாரும் சொல்லவில்லை. முன்பு அவரோடு ஒரே அணியில் ஆடிய ஒருவர் தன்னுடைய ஒலிபரப்பில் சொல்லிவிட்டார். வேக்ஃபீல்டின் மனைவி ஸ்டேசிக்கும் புற்றுநோய் என்பதையும் சேர்த்தே சொன்னார். இதைச் சொல்லும்படி அவர்கள் யாரையும் கேட்கவில்லை, வெளியில் தெரிவதில் அவர்களுக்குச் சம்மதமா என்றும் தெரியவில்லை என்று அவரே பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எனக்கு அது தெளிவாகக் காதில் விழுந்தது. விழுந்த பிறகும், அடுத்த சில நிமிஷங்களில், அதை என் நண்பர்கள் குழுவுக்கு அனுப்பினேன்.

இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய்ப்பே இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

வேக்ஃபீல்டு யார் என்று முதலில் சொல்ல வேண்டும். பேஸ்பாலில் பந்து வீசுபவரை பிட்சர் என்பார்கள். வேக்ஃபீல்டு, பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காக 1995 முதல் 2011 வரை 17 பருவங்கள் வீசினார். அவர் கணக்கில் மொத்தம் 200 வெற்றிகள். அதில் 186 ரெட் சாக்ஸுக்காக. சை யங், ரோஜர் கிளெமென்ஸ் இருவர் மட்டுமே அந்த அணிக்காக அவரைவிட அதிகம் வென்றவர்கள். அந்த அணிக்காக அவரைவிட அதிக இன்னிங்ஸ் வீசியவர் ஒருவரும் இல்லை. ஆனால் பாஸ்டன்காரர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது இந்த எண்கள் முதலில் வராது. அவர் வீசிய பந்துதான் முதலில் வரும்.

அது நக்கிள்பால். 2011 உலகக் கோப்பையில் ஜாகிர் கான் வீசியதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். ஜாகிருக்கு அது எப்போதாவது எடுக்கும் ஆயுதம். வேக்ஃபீல்டுக்கு அதுதான் பிழைப்பு. விரல் நுனிகளையும் நகத்தையும் பந்தில் பதித்து, கிட்டத்தட்ட சுழற்சியே இல்லாமல் தள்ளிவிடுவார். அதிகம் சுழலாத பந்தின் தையல் காற்றை ஒரு பக்கம் ஒருவிதமாகவும் மறுபக்கம் வேறுவிதமாகவும் கலைக்கும். பந்து மெல்லத் திரும்பத் திரும்பத் தையலின் இடமும் மாறும். அதோடு பந்து போகும் திசையும் மாறும். மற்ற பிட்சர்கள் மணிக்கு 145 கிலோமீட்டருக்கு மேல் வீசிக்கொண்டிருக்க, இவருடைய பந்து 105 சொச்சத்தில் வாலறுந்த பட்டம் மாதிரி ஆடி ஆடிப் போகும். அடிப்பவருக்கும் தெரியாது, பிடிப்பவருக்கும் தெரியாது, வீசியவருக்கே தெரியாது. இவருடைய பந்தைப் பிடிப்பதற்கென்றே டக் மிராபெலி என்ற கேட்சரை அணி வைத்திருந்தது. அவர் சாஃப்ட்பால் விளையாட்டில் பயன்படும் பெரிய கையுறையைப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

இந்தப் பந்து அவருக்கு வரமாகக் கிடைக்கவில்லை, கடைசி வழியாகக் கிடைத்தது. 1988-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவரை முதல் பேஸில் நிற்கும் ஆட்டக்காரராகத்தான் எடுத்தது. மட்டையைக் கொண்டு இவர் மேலே வர முடியாது என்று ஆனதும், பொழுதுபோக்காக வீசிக்கொண்டிருந்த நக்கிள்பாலைப் பிடித்துக்கொண்டு பிட்சராக மாறினார். 1992-இல் பெரிய அணிக்கு வந்தார், அட்லாண்டாவுக்கு எதிரான தொடரில் இரண்டு ஆட்டங்களைத் தனியாளாக முடித்துக்கொடுத்தார், ஊரெல்லாம் பேச்சானார். அடுத்த இரண்டு வருஷத்தில் பந்து கைக்கு அடங்காமல் போனது. 1995 வசந்தத்தில் பைரேட்ஸ் அவரை விடுவித்துவிட்டது. சில நாளில் ரெட் சாக்ஸ் எடுத்துக்கொண்டது. நக்கிள்பாலில் பழுத்த ஃபில் நீக்ரோ, ஜோ நீக்ரோ சகோதரர்களிடம் பாடம் கேட்டுவிட்டு வந்தவர், அந்தப் பருவத்தில் 16 ஆட்டங்களை வென்றார்.

நான் மாசசூசெட்ஸுக்கு வந்து சேர்ந்தது அதற்குக் கொஞ்ச காலம் கழித்து. பேஸ்பால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிரிக்கெட்டில் வளர்ந்த கண்ணுக்கு முதலில் புரிந்த ஒரே ஆட்டக்காரர் வேக்ஃபீல்டு. வேகத்தை நம்பாமல் வீசுகிறவரைப் பார்த்துப் பழகிய கண் அது. அலுவலகம் முடிந்து வண்டியில் வரும்போது வானொலியில் அவர் ஆட்டத்தைக் கேட்டுத்தான் எனக்கு இந்த ஆட்டத்தின் சட்டங்கள் பிடிபட்டன. அதனால் அவரை 'என் ஆள்' என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் வந்தது. அந்தச் சொந்தம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதில்தான் நான் தவறினேன்.

அவரை ஊர் எதற்காக நேசித்தது என்பதற்கு மூன்று அக்டோபர்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது 2003. நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான தொடரின் 7-ஆவது ஆட்டம். அந்தத் தொடரில் ரெட் சாக்ஸ் அதுவரை வென்ற மூன்று ஆட்டங்களில் இரண்டு வேக்ஃபீல்டு வென்று கொடுத்தவை. ஆட்டம் சமநிலையில் நீள, அவரையே திரும்பவும் இறக்கினார்கள். 11-ஆவது இன்னிங்ஸில் அவர் வீசிய முதல் பந்தை யாங்கீஸின் ஏரன் பூன் தூக்கி அடித்தார். ஹோம் ரன். பருவம் அதோடு முடிந்தது. 1986-இல் பந்தைக் கால்களுக்கு இடையே நழுவவிட்ட பில் பக்னரைப் பாஸ்டன் எப்படி வறுத்தெடுத்தது என்று அவருக்குத் தெரியும்; தனக்கும் அதே கதிதான் என்று அஞ்சினார். ஊர் அப்படிச் செய்யவில்லை. அவரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திய மேனேஜரைத்தான் ஏசியது. அந்தக் குளிர்காலத்தில் பாஸ்டனில் நடந்த விருந்து ஒன்றில் அவர் பெயரைச் சொன்னதும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

இரண்டாவது 2004. மறுபடி யாங்கீஸ். முதல் இரண்டு ஆட்டங்கள் தோல்வி. மூன்றாவது ஆட்டத்தில் ரெட் சாக்ஸ் பிட்சர்கள் ஒருவர் பின் ஒருவராக அடிவாங்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஆட்டத்தைத் தொடங்க வேண்டியவர் வேக்ஃபீல்டு. பிட்சருக்கு அது பெருமையான இடம். அவர் ஆணி வைத்த காலணியை மாட்டிக்கொண்டு மேனேஜர் டெர்ரி ஃபிராங்கோனாவிடம் போய், இன்றைக்கே நான் வீசுகிறேன் என்றார். கைவிட்டுப்போன ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸுக்கு மேல் வீசி, மற்ற பிட்சர்களின் கைகளுக்கு ஓய்வு வாங்கிக் கொடுத்தார். அந்த ஆட்டம் 19-8 என்று தோற்றது. மறுநாள் அவர் இடத்தில் டெரெக் லோ தொடங்கினார். ரெட் சாக்ஸ் வென்றது. 5-ஆவது ஆட்டம் 14 இன்னிங்ஸ் நீண்டது. கடைசி மூன்று இன்னிங்ஸ் வேக்ஃபீல்டு. அப்போது பந்து பிடித்தது மிராபெலி இல்லை. நக்கிள்பால் பிடித்துப் பழக்கமில்லாத ஜேசன் வேரிடெக் உட்கார்ந்திருந்தார். 13-ஆவது இன்னிங்ஸில் மட்டும் மூன்று முறை பந்து அவர் கையைத் தப்பி ஓடியது. யாங்கீஸ் ஆட்கள் இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் நின்றார்கள். இன்னொரு பந்து தப்பினால் எல்லாம் போச்சு. வேக்ஃபீல்டு பந்தை மாற்றவில்லை. நக்கிள்பாலையே வீசி, அடிக்க நின்ற ரூபன் சியராவை வெளியேற்றினார். அடுத்த இன்னிங்ஸில் ரெட் சாக்ஸின் டேவிட் ஓர்ட்டிஸ் அடித்து ஆட்டத்தை முடித்தார். மூன்று ஆட்டம் பின்தங்கி நின்ற ஓர் அணி அடுத்த நான்கையும் வென்றது பேஸ்பால் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. அந்த மாதமே, 86 வருஷத்துக்குப் பிறகு, கோப்பை பாஸ்டனுக்கு வந்தது.

மூன்றாவது 2007. அந்தப் பருவத்தில் அவர் 17 ஆட்டம் வென்றிருந்தார். அணி இறுதித் தொடருக்குப் போனது. அவர் தோளில் வலி. சமாளித்துக்கொண்டு பட்டியலில் இருந்திருக்கலாம். தன்னால் ஆன மட்டும் வீசினாலும் அது அணிக்குப் போதாது என்பதைச் சொல்லி அவரே ஒதுங்கினார். அதைச் சொல்லும்போது நிருபர்கள் முன்னால் தொண்டை அடைத்துப் பேச முடியாமல் நின்றார். வேறு ஒருவர் அவர் இடத்துக்கு வந்தார். ரெட் சாக்ஸ் வென்றது.

இந்த மூன்றாவது கதையைத்தான் நான் நண்பர்களிடம் அடிக்கடி சொல்லிவந்தேன். சொல்லிச் சொல்லியும் அதில் உள்ள ஒன்றை நான் கவனித்ததில்லை. தன் உடம்பைப் பற்றி யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. மறைத்தால் அணிக்கு நஷ்டம் என்றபோது, எவ்வளவு வலித்தாலும் தன் வாயால் சொன்னார். 2023-இல் அவர் சொல்லாமல் இருந்தார் என்றால் அதுவும் யோசித்து எடுத்த முடிவுதான். அந்த முடிவை நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

அன்று நான் அனுப்பிய செய்தி இப்படித்தான் இருந்தது: 'நம்ம வேக்ஃபீல்டுக்கு மூளைல கேன்சராம். இப்பதான் வெளிய வந்திருக்கு. மனைவிக்கும் உண்டாம். மனசே சரியில்லை.' இதில் கடைசி வரி பொய்யில்லை. மனசு சரியில்லாமல்தான் இருந்தது. ஆனால் மனசு சரியில்லாதவன் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருப்பான். நான் உட்காரவில்லை. 'இப்பதான்' என்ற சொல்லைப் போட்டேன். குழுவில் வேறு யாரும் சொல்வதற்குள் நான் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் அந்தச் சொல்லில் இருக்கிறது. பதில்கள் வரத் தொடங்கியதும் ஒவ்வொன்றையும் பார்த்தேன். 'ஐயோ', 'எப்போ?', 'எந்த ஸ்டேஜ்?' என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாத கேள்விகளுக்கும் தெரிந்தவனைப் போல ஏதோ பதில் போட்டேன். அந்தச் சிறிது நேரம், ஒரு மனிதரின் மரண நோய் எனக்கு ஒரு முக்கியத்துவத்தைக் கொடுத்தது. அதை அனுபவித்தேன். இதைவிட நாகரிகமாக அதைச் சொல்ல முடியாது.

அன்றே ரெட் சாக்ஸ் நிர்வாகம் ஓர் அறிக்கை விட்டது. இந்தத் தகவல் வேக்ஃபீல்டு தம்பதியின் அனுமதி இல்லாமல் வெளியே சொல்லப்பட்டிருக்கிறது, உடல்நிலை அவர்களுடைய சொந்த விஷயம், சிகிச்சை நடக்கும் இந்தக் காலத்தில் தனிமையை வேண்டுகிறார்கள் என்பது அதன் சாரம். படித்ததும் முகம் சுட்டது. குழுவில் போட்டதை அழித்தேன். ஆனால் அதற்குள் அங்கிருந்து வேறு குழுக்களுக்குப் போயிருந்தது. ஒரு நண்பர் தன் மனைவிக்கு அனுப்பியிருந்தார், அவர் தன் தோழிகளுக்கு. நான் அழித்தது என் கண்ணில் படாமல் இருப்பதற்குத்தான் உதவியது.

அன்று இரவு எனக்குள் ஒரு வாதம் ஓடியது. லட்சக்கணக்கான பேருக்குத் தெரிந்த செய்தி, நான் பத்துப் பேருக்குச் சொன்னதில் என்ன குடி முழுகிவிட்டது? முதலில் வெளியிட்டவர்தானே குற்றவாளி? ஊரே அவரைத்தான் திட்டியது. நானும் சேர்ந்து திட்டினேன். அப்படித் திட்டியது எனக்கு வசதியாக இருந்தது. அவர் செய்ததை நானும் செய்திருக்கிறேன் என்பது அந்தக் கூச்சலில் மறைந்துபோனது. ஆனால் ஒரு ரகசியத்தைக் காப்பதற்கு அது முழுசாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உடைந்த பிறகும், ஒவ்வொருவரும் தன்னோடு நிறுத்திக்கொண்டால் அது அங்கங்கே நின்றுபோகும். நான் நிறுத்தியிருக்கலாம்.

அக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை, வேக்ஃபீல்டு இறந்தார். வயது 57. அந்தச் செய்தி வெளியானதற்கும் அவர் மரணத்துக்கும் நடுவில் இருந்தது மூன்று நாள். அந்த மூன்று நாளை அந்தக் குடும்பம் எப்படிக் கழித்திருக்க நினைத்ததோ எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள எனக்கு வேலையும் இல்லை. ஊர் முழுக்கத் தங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது என்ற அறிவோடு கழிக்க அவர்கள் விரும்பவில்லை என்பது மட்டும் தெரியும். அதை அவர்களே கேட்டிருந்தார்கள்.

அவர் இறந்த அன்று நான் இரண்டாவது தவறைச் செய்தேன். முதல் தவறின் தொடர்ச்சிதான் அது. 2003, 2004, 2007 எல்லாவற்றையும் கோத்து நீளமாக ஓர் இரங்கல் எழுதி அதே குழுவில் போட்டேன். நன்றாகவே எழுதியிருந்தேன். 'நீங்க எவ்ளோ ஃபீல் பண்ணுவீங்கன்னு தெரியும்' என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். என் வீட்டில் துக்கம் நடந்த மாதிரி அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டேன். மூன்று நாளுக்கு முன்னால் நான் செய்ததைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

குழுவில் இருந்த ஒரு தோழி மட்டும் எதுவும் எழுதவில்லை. சில வாரம் கழித்து ஒரு விருந்தில் பார்த்தபோது தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா உங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டேன்." கோபமாகச் சொல்லவில்லை. வெகு நாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொன்ன குரல் அது. கையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றேன். ஒரு பதிலும் வரவில்லை. அவர் சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை.

அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கு என் சித்தப்பா ஞாபகம் வந்தது என்றால் அதுவும் ஒரு குற்றம்தான். அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். கும்பகோணத்தில் இருந்தார். குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது சித்திக்கும் எனக்கும் மட்டும் சொன்னார். மருந்து விஷயமாக அமெரிக்காவில் நான் விசாரித்துச் சொல்வேன் என்று நினைத்து என்னிடம் சொன்னார். "வேற யாருக்கும் வேணாம்டா, பொண்ணு கல்யாணம் முடியட்டும்" என்றார். நான் என் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவிடம் சொன்னால் அது வெளியே சொன்னதாகுமா என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வீட்டுக்கு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். 'எங்ககிட்ட ஏன் சொல்லலை?' என்று நோயாளியிடமே கோபித்துக்கொண்டார்கள். தினமும் காலையில் கடைத்தெருவுக்குப் போய் டீ குடித்துவிட்டு, பேப்பர் பார்த்துவிட்டு வருகிறவர் அதை நிறுத்திவிட்டார். போனால் எல்லோரும் உடம்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள், வேறு பேச்சே இல்லை என்றாராம். அரசியல் பேசவும் சண்டை போடவும் போனவர். அந்த டீக்கடையை அவரிடமிருந்து பிடுங்கியது நோய் இல்லை; நான்.

நம்மிடையே இது தவறாகவே பார்க்கப்படுவதில்லை என்பதுதான் எனக்கு வசதியாகிப் போனது. ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் நாலு பேருக்குச் சொல்வது அக்கறை. போய்ப் பார்ப்பது கடமை. சொல்லாமல் இருந்தால் அது குற்றம், 'வேத்து மனுஷங்களா நாங்க?' என்ற கேள்வி வரும். இதில் நல்லதும் உண்டு. பணம் இல்லாத வீட்டுக்குப் பணம் வருவதும், ஆள் இல்லாத வீட்டுக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க ஆள் வருவதும் இப்படிச் சொல்லித்தான். ஆனால் உதவி தேவை என்று சொல்ல வேண்டியவர் நோயாளி. அவர் வேண்டாம் என்றபோது நான் சொன்னது எந்த உதவிக்காகவும் அல்ல. எனக்கு அந்தக் கனத்தைத் தனியாகச் சுமக்கத் தெரியவில்லை. இறக்கி வைக்க ஓர் இடம் தேடினேன். அக்கறை என்று அதற்குப் பெயர் வைத்தேன்.

வேக்ஃபீல்டு இறந்த பிறகு அவரைப் பற்றி வெளிவந்த கதைகளைப் படிக்கப் படிக்க இந்த வேறுபாடு எனக்குத் தெளிவாகியது. அவர் மைதானத்துக்கு வெளியே செய்தது ஏராளம். பாஸ்டனில் டேனா-ஃபார்பர் புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்டும் ஜிம்மி ஃபண்ட் என்ற அமைப்பு 1948-இல் தொடங்கியது. 1953-இலிருந்து ரெட் சாக்ஸ் அதோடு சேர்ந்து நிற்கிறது. வேக்ஃபீல்டு ஆடிய காலத்திலும் ஓய்வு பெற்ற பிறகும் அதற்காக உழைத்தார். நோயுற்ற குழந்தைகளை ரெட் சாக்ஸ் மைதானமான ஃபென்வே பார்க்குக்கு வரவழைத்து ஆட்டத்துக்கு முன்னால் அவர்களோடு நேரம் கழிப்பார். சொந்த ஊரான ஃபுளோரிடாவின் மெல்போர்னில் சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் சிறு குழந்தைகளுக்கான ஒரு மையத்துக்காக ஆண்டுதோறும் நிதி திரட்டினார். 2010-இல் அவருக்கு ராபர்ட்டோ கிளெமென்டே விருது கொடுத்தார்கள். கிளெமென்டே, வேக்ஃபீல்டு முதலில் ஆடிய அதே பிட்ஸ்பர்க் அணியின் வீரர். 1972-இல் நிலநடுக்கம் கண்ட நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் கடலில் விழுந்து இறந்தவர். ஆட்டத்தைவிட மனிதர்களுக்குச் செய்ததைப் பார்த்துக் கொடுக்கும் விருது அது.

அந்த அக்டோபரில் ரசிகர்கள் பேசியதில் பெரும்பகுதி இந்தப் பக்கத்தைப் பற்றித்தான். தங்கள் பிள்ளை படுத்திருந்த அறைக்கு அவர் வந்ததைப் பெற்றோர்கள் சொன்னார்கள். கேமரா இல்லை, நிருபர் இல்லை என்றார்கள். சின்ன வயதில் அவரிடம் கையெழுத்து வாங்கியவர்கள், அவர் அவசரப்படாமல் நின்று பேசியதைச் சொன்னார்கள். இவை எல்லாமும் அதுவரை வெளியே தெரியாத விஷயங்கள்தான். ஆனால் சொன்னவர்கள் தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். அந்த அறையில் படுத்திருந்தது அவர்கள் பிள்ளை. நன்றியும் அவர்களுடையது. வேக்ஃபீல்டு வாயைத் திறக்காமல் வைத்திருந்ததை, சொல்லும் உரிமை உள்ளவர்கள் சொன்னார்கள். நான் சொன்னது எனக்கு நேர்ந்தது இல்லை. அவர் என்னை நம்பிச் சொன்னதுகூட இல்லை. ரசிகன் என்ற ஒரே பாத்தியதையில் அதை எடுத்துப் புழங்கினேன்.

2024 பிப்ரவரியில் ஸ்டேசியும் இறந்தார். ஏப்ரலில் ஃபென்வே பார்க்கில் அந்தப் பருவத்தின் முதல் ஆட்டம். 2004 அணியினர் பலர் வந்திருந்தார்கள். வேக்ஃபீல்டின் மகள் முதல் பந்தை வீச, ஜேசன் வேரிடெக் பிடித்தார். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லோருக்கும் கண் கலங்கியது. எனக்கு அழுகையோடு கூச்சமும் வந்தது. அந்தப் பெண்ணின் பெற்றோர் தங்கள் நோயை வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டபோது, அந்த ஆசையைக் காலில் போட்டு மிதித்தவர்களில் நானும் ஒருவன். என் பெயர் அவர்களுக்குத் தெரியாது. அதனால் அது இல்லையென்று ஆகிவிடாது.

இதை எழுதுவதும் அதே வேலைதானே என்று யாராவது கேட்கலாம். நானும் அதைக் கேட்டுப் பார்த்தேன். அவர்கள் இருவரின் மரணமும் பின்னால் முறையாக அறிவிக்கப்பட்டது. அதற்கு மேல் நோயைப் பற்றி இங்கே நான் எதுவும் எழுதவில்லை, எழுதவும் கூடாது. சித்தப்பாவைப் பற்றி எழுதச் சித்தியிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன். அப்போதுதான் முதன்முறையாக, அம்மாவிடம் சொன்னவன் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவருக்குத் தெரியும்டா. நீ சின்னப் புள்ள, விடுன்னாரு" என்றார். நான் அப்போது சின்னப் பிள்ளை இல்லை. வேலையில் இருந்தேன், கல்யாணமாகியிருந்தது. அவர் எனக்காக வயதைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். எழுதிக்கொள் என்று சித்தி சொன்னார். ஊர்ப் பெயர் போடலாம், ஆள் பெயர் வேண்டாம் என்றார். அப்படியே செய்திருக்கிறேன்.

இப்போது யாராவது தன் உடம்பைப் பற்றி என்னிடம் சொன்னால் முதலில் ஒரே கேள்வி கேட்கிறேன்: இது யாருக்கெல்லாம் தெரியலாம்? பெரும்பாலும் 'யாருக்கும் வேண்டாம்' என்கிறார்கள். வீட்டில்கூடச் சொல்லாமல் வைத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். எளிதாக இல்லை. யாரோ ஒருவருக்கு நோய் என்று காதில் விழும் ஒவ்வொரு முறையும் முதலில் வருத்தம் வருகிறது. வருத்தத்தின் பின்னாலேயே, யாரிடம் சொல்லலாம் என்ற நினைப்பும் வந்து நிற்கிறது. அந்த நினைப்பு ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதை அடையாளம் காணத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வேக்ஃபீல்டை நேசித்தேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நேசித்துக்கொண்டே ஒருவருக்குத் துரோகம் செய்ய முடியும் என்பது எனக்கு வெகு தாமதமாகப் புரிந்தது. பிரியமான ஆட்டக்காரர் ஒருவர் நோயில் விழுந்திருக்கிறார் என்று நாளை உங்கள் கைக்கும் ஒரு செய்தி வரும். அது அவர் வாயிலிருந்தோ அவர் வீட்டாரிடமிருந்தோ வந்ததா என்று பாருங்கள். இல்லை என்றால் அதை உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் வீசிய பந்தைப் பற்றி, வென்ற ஆட்டத்தைப் பற்றி, தோற்ற ஆட்டத்தைப் பற்றி விடிய விடியப் பேசலாம்; அதையெல்லாம் அவர் நம் எல்லோர் முன்னாலும்தான் ஆடினார். நோயை அவர் நம் முன்னால் வைக்கவில்லை.